நீச்சல் குளத்தை வாடகைக்கு விடுமுன்: பொறுப்பு விடுவிப்புப் படிவத்தை எழுதுவதும் கையெழுத்து வாங்குவதும்

சொந்த நீச்சல் குளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விட நினைப்பவர்கள் முதலில் தேடுவது ஒரு மாதிரிப் படிவத்தைத்தான். எங்கிருந்தோ ஒன்றை இறக்கி, பெயரை மட்டும் மாற்றி, அச்செடுத்து, வருகிறவர்களிடம் வாசலில் நிறுத்திக் கையெழுத்து வாங்கிவிட்டால் இனி எது நடந்தாலும் தப்பித்துவிடலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படி வாங்கிய தாள் வழக்கு என்று வரும்போது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. காரணம் தாளில் இருப்பதைவிட, அதைச் சுற்றிச் செய்யாமல் விட்டவற்றில்தான் அதிகம்.

வெய்வர் என்று பேச்சில் சொல்லப்படும் இந்தப் பொறுப்பு விடுவிப்புப் படிவம் மூன்று தனித்தனி வேலைகளைச் செய்கிறது. முதலாவது எச்சரிக்கை: இந்தக் குளத்தில் இன்னின்ன ஆபத்து இருக்கிறது, அது எனக்குத் தெரியும் என்று வருகிறவர் எழுத்தில் ஒப்புக்கொள்வது. இரண்டாவது விடுவிப்பு: காயம் பட்டால் உரிமையாளர்மேல் நஷ்டஈடு கேட்கமாட்டேன் என்பது. மூன்றாவது ஈட்டுறுதி: நான் அழைத்து வந்தவர்களால் உரிமையாளருக்குச் செலவு வந்தால் அதை நான் ஏற்கிறேன் என்பது. முதல் வேலை ஏறக்குறைய எந்த நாட்டிலும் பயன்படும். ஆபத்து தெரிந்தும் இறங்கினார் என்பதற்கு அது சான்று. இரண்டாவது இடத்துக்கு இடம் மாறும். மூன்றாவது, எழுதிக் கொடுத்தவர் கையில் பணம் இருக்கும் வரைதான் மதிப்புள்ளது. இந்த மூன்றையும் ஒரே பத்தியில் குழைத்து எழுதுவதுதான் மாதிரிப் படிவங்களின் முதல் கோளாறு. நீதிமன்றம் ஒன்றைத் தள்ளினால் மற்ற இரண்டும் அதோடு சேர்ந்து போய்விடலாம்.

சட்டம் எங்கே கைவிடுகிறது

படிவத்தை எழுதத் தொடங்குமுன் உங்கள் ஊர்ச் சட்டம் எதை ஏற்கும் என்று தெரிந்தாக வேண்டும். வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் போதும். பிரிட்டனில் 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டமும், நுகர்வோரைப் பொறுத்தவரை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டமும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: தொழிலாகச் சேவை தருகிறவர் தன் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடல் காயத்துக்கோ உள்ள பொறுப்பை எந்த எழுத்தாலும் கழற்றிவிட முடியாது. கனடாவின் கியூபெக் மாகாணமும் அமெரிக்காவின் லூசியானா மாநிலமும் உடல் காயத்துக்கு முன்கூட்டியே விடுவிப்பு எழுதி வாங்குவதை ஏற்பதில்லை.

நியூயார்க் மாநிலத்தில் பொதுக் கடப்பாடுகள் சட்டத்தின் 5-326 பிரிவு நீச்சல் குளம் என்றே பெயர் சொல்லி, கட்டணம் வாங்கும் குளங்களும் கேளிக்கை இடங்களும் தங்கள் கவனக்குறைவுக்கு எழுதி வாங்கும் விடுவிப்பைச் செல்லாது என்கிறது. வர்ஜீனியா மாநிலத்தில் 1992இல் வந்த தீர்ப்பு இன்னும் நேரடியானது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி ஒன்றில் ஏரியில் பாய்ந்து தலை மோதி உடல் செயலிழந்தவர், பங்கேற்கும்போதே விடுவிப்பில் கையெழுத்திட்டிருந்தார். உடல் காயத்துக்கு முன்கூட்டியே எழுதி வாங்கும் விடுவிப்பு பொதுக் கொள்கைக்கு எதிரானது என்று மாநில உச்ச நீதிமன்றம் அதை ஒதுக்கியது.

கலிஃபோர்னியா இடைநிலையில் நிற்கிறது. அங்கே சாதாரணக் கவனக்குறைவுக்கு விடுவிப்பு செல்லும். பெரும் அலட்சியத்துக்குச் செல்லாது. அதை நிலைநாட்டிய 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பே ஒரு நீச்சல் குள மரணத்தைப் பற்றியதுதான்: சான்டா பார்பரா நகராட்சி நடத்திய கோடை முகாமில், வளர்ச்சிக் குறைபாடுள்ள 14 வயதுச் சிறுமி குளத்தில் மூழ்கி இறந்தாள். தாய் கையெழுத்திட்ட விடுவிப்பு இருந்தும், கவனித்துக்கொண்டதில் பெரும் அலட்சியம் இருந்ததாகச் சொல்லப்பட்ட பகுதியை அது தடுக்காது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

சாதாரணக் கவனக்குறைவு எது, பெரும் அலட்சியம் எது? படிக்கட்டருகே தேங்கிய நீரைத் துடைக்க மறந்தது முதல் வகையாக இருக்கலாம். வடிகால் மூடி உடைந்திருப்பது தெரிந்தும் வாடகைக்கு விட்டது இரண்டாம் வகை. நீங்கள் அறிந்தும் திருத்தாமல் விட்ட எதையும் எந்தத் தாளும் மூடாது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு.

குழந்தைகள் தனிச் சிக்கல். இந்தியாவில் 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903ஆம் ஆண்டின் பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் ஆட்சிக் கால இறுதி மேல்முறையீட்டு மன்றம்) தீர்ப்பிலிருந்து நிலைத்த விதி. பதினாறு வயதுப் பையன் போட்ட கையெழுத்துக்கு ஒப்பந்த மதிப்பு கிடையாது. பெற்றோர் போடும் கையெழுத்து குழந்தையின் உரிமையைக் கட்டுப்படுத்துமா என்பதில் அமெரிக்க மாநிலங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. கொலராடோ 2003இல் சட்டம் போட்டு அதை அனுமதித்தது. நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 2006இல், ஸ்கேட்போர்டு பூங்கா வழக்கு ஒன்றில், வணிக இடங்களுக்கு அதை மறுத்தது. ஆகவே குழந்தைகள் வரும் முன்பதிவுகளில் பெற்றோர் கையெழுத்தை எச்சரிக்கைக்குச் சான்றாக மட்டும் எண்ணுங்கள்; விடுவிப்பாக நம்பிவிடாதீர்கள்.

இந்த அளவு தெரிந்துகொண்டு, உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். "ஒரு படிவம் எழுதிக் கொடுங்கள்" என்று போவதைவிட, குறித்த கேள்விகளோடு போனால் பணமும் நேரமும் மிச்சம். உடல் காயத்துக்கு விடுவிப்பு இங்கே செல்லுமா? கவனக்குறைவு என்ற சொல்லை வெளிப்படையாக எழுத வேண்டுமா? பெற்றோர் குழந்தைக்காகக் கையெழுத்திடலாமா? மின்கையொப்பம் போதுமா? காயம் பட்டவர் எத்தனை ஆண்டுகள் வரை வழக்குப் போடலாம்? கடைசியாக, பலர் கேட்க மறப்பது: பணம் வாங்கி விடுவதால் என் வீட்டுக் குளம் பொதுக் குளமாகக் கருதப்பட்டு உரிமம், சுகாதாரச் சோதனை, உயிர்காப்பாளர் போன்ற விதிகளுக்குள் வருமா? வரும் என்றால், உரிமம் இல்லாமல் நடத்தியதே உங்களுக்கு எதிரான முதல் சான்றாகிவிடும்.

காப்பீடு முதலில்

படிவம் வழக்கைத் தடுக்காது. வழக்கை நடத்தும்போது கையில் இருக்கும் ஒரு சான்று, அவ்வளவே. நஷ்டஈட்டையும் வழக்கறிஞர் செலவையும் கொடுப்பது காப்பீடு. வீட்டுக் காப்பீட்டில் விருந்தாளி விழுந்தால் கிடைக்கும் பாதுகாப்பு, பணம் கொடுத்து வந்தவருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. தொழில் பயன்பாடு விலக்கு என்று பாலிசியில் ஒரு வரி இருக்கும். குளத்தை வாடகைக்கு விடுவதாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அதற்கு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். போனில் "பரவாயில்லை சார்" என்று சொன்னதற்கு மதிப்பில்லை. முன்பதிவுத் தளம் வழியாக விடுகிறீர்கள் என்றால், அந்தத் தளம் தரும் காப்பு எதை விலக்குகிறது என்று பாருங்கள்: டைவிங் பலகை, சறுக்குமரம், மது, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட கூட்டம் ஆகியவை அடிக்கடி விலக்கப்படுகின்றன. தளத்தின் படிவம் தளத்தைக் காக்க எழுதப்பட்டது. அதில் உங்கள் பெயர் விடுவிக்கப்படுவோரில் இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றுங்கள்

நல்ல படிவம் மேசையில் உருவாவதில்லை. குளத்தருகே எடுத்த குறிப்பிலிருந்துதான் அது எழுதப்பட வேண்டும். "நீச்சலில் பல ஆபத்துகள் உள்ளன" என்ற பொதுவான வரியைவிட, "இந்தக் குளத்தின் ஆழம் 1.1 மீட்டரில் தொடங்கி, விளக்கைத் தாண்டியதும் சட்டென்று 1.8 மீட்டருக்கு இறங்குகிறது" என்ற வரி பத்து மடங்கு வலிமையானது.

ஆழத்தைக் குறைந்தது ஐந்து இடங்களில் அளக்கவும்: படிக்கட்டு முடியும் இடம், ஆழமில்லாத பக்கத்தின் நடு, சரிவு தொடங்கும் கோடு, சரிவு முடியும் கோடு, ஆழமான முனை. கட்டியவர் கொடுத்த வரைபடத்தை நம்ப வேண்டாம்; நீர்மட்டம் பத்து சென்டிமீட்டர் குறைந்திருந்தால் அந்த எண் பொய். தலைகீழாகப் பாய 9 அடி, அதாவது சுமார் 2.7 மீட்டர் ஆழமாவது வேண்டும் என்பது நீச்சல் பயிற்சியில் பொதுவாகச் சொல்லப்படும் குறைந்த அளவு. வீட்டுக் குளங்களில் பல அந்த ஆழத்தைத் தொடுவதே இல்லை. அப்படியென்றால் டைவிங் தடை என்பது படிவத்திலும் குளக்கரையிலும் இருக்க வேண்டும். ஆழமில்லாத நீரில் பாய்ந்தால் கழுத்து முறிந்து உடல் செயலிழக்கலாம். அதிலிருந்து முழு மீட்சி அரிது.

அடுத்து அடிவடிகால். மூடி தட்டையாகவோ உடைந்தோ இருந்தால், பம்ப் உறிஞ்சும் விசை ஒரு குழந்தையின் உடலையோ தலைமுடியையோ பிடித்துக்கொள்ளும். பெரியவர்களாலும் இழுத்து எடுக்க முடியாது. அமெரிக்காவில் 2007இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி, பொதுக் குளங்களில் உடலோ முடியோ சிக்கிக்கொள்வதைத் தடுக்கும் வகை மூடிகளைக் கட்டாயமாக்கினார்கள். அத்தகைய மூடிகளில் எத்தனை ஆண்டு வரை பயன்படுத்தலாம் என்று பொறித்திருக்கும். அந்த ஆண்டு கடந்திருந்தால் மாற்றிவிட்டு வாடகையைத் தொடங்குங்கள். பம்பை நிறுத்தும் சுவிட்ச் எங்கே என்று வருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மின்சாரத்தில், கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சுவிட்ச் குளத்தின் விளக்குக்கும் பம்புக்கும் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் துண்டிக்கிறதா என்று பாருங்கள். வேலி குறைந்தது 1.2 மீட்டர், கேட் தானாகச் சாத்தித் தானாகத் தாழிட வேண்டும். கயிறு கட்டிய மிதவை வளையமும், கரையிலிருந்து நீட்டிப் பிடிக்க நீண்ட கழியும் கண்ணில் படும் இடத்தில் தொங்கட்டும். நீரில் குளோரின் குறைந்தது 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 7.8 வரை. குளோரினை வெயிலில் காக்கச் சயனூரிக் அமிலம் சேர்க்கிறவர்கள் குளோரினைக் குறைந்தது 2 பிபிஎம்மில் வைக்க வேண்டும். கரையில் நின்றால் ஆழமான முனையின் வடிகால் மூடி தெளிவாகத் தெரியவில்லை என்றால், அன்றைக்கு வாடகை ரத்து. கலங்கிய நீரில் அடியில் கிடப்பவர் கண்ணில் படமாட்டார்.

இந்தக் குறிப்புகளில் திருத்தக்கூடியவற்றைத் திருத்துங்கள். திருத்த முடியாதவை (சரிவு, ஆழக்குறைவு, ஈரத்தில் வழுக்கும் கல்தளம், உயிர்காப்பாளர் இல்லாதது) படிவத்தின் ஆபத்துப் பட்டியலாகின்றன. உடைந்ததைத் திருத்தாமல் "உடைந்திருக்கிறது, கவனம்" என்று படிவத்தில் எழுதி வைப்பவர்களும் உண்டு. அது எச்சரிக்கை அல்ல, உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு நீங்களே கொடுக்கும் வாக்குமூலம்.

படிவத்தில் எழுத வேண்டியவை

இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். ஆறு பக்கத் தாளை யாரும் படிப்பதில்லை. படிக்க வாய்ப்பில்லை என்று காட்ட எதிர்த்தரப்புக்கு அதுவே போதும். எழுத்து அளவு 12 புள்ளிக்குக் குறையக் கூடாது. விடுவிப்பு வரி மட்டும் தடித்த எழுத்தில், தனிப் பெட்டியில் இருக்கட்டும். விதிமுறைகள், வைப்புத்தொகை, சுத்தம் செய்யும் கட்டணம், சத்தம் பற்றிய கட்டுப்பாடு எல்லாம் வேறொரு வாடகை ஒப்பந்தத்தில் போகட்டும்; விடுவிப்பை அவற்றுக்கு நடுவில் புதைத்தால் மறைத்து வாங்கியதாகச் சொல்லப்படும்.

தொடக்கத்தில் இடத்தின் முழு முகவரி, தேதி, நேரம், விடுவிக்கப்படுவோர் பெயர்கள். இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது: வீடு கணவன் மனைவி இருவர் பெயரில், முன்பதிவு மகன் பெயரில், பணம் ஒரு நிறுவனக் கணக்குக்கு. படிவத்தில் ஒருவர் பெயர் மட்டும். மற்ற இருவர்மேல் வழக்கு வந்தால் படிவம் அவர்களைத் தொடாது. "உரிமையாளர்கள், அவர்கள் குடும்பத்தார், பணியாளர்கள், குளத்தை நடத்தும் நிறுவனம்" என்று எல்லாரையும் பெயரோடு எழுதுங்கள்.

பிறகு ஆபத்துப் பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையெழுத்திடுபவர் தன் பெயரின் முதலெழுத்தைப் போட இடம் விடுங்கள். மாதிரிக்கு:

"இங்கே உயிர்காப்பாளர் இல்லை. என்னையும் நான் அழைத்து வந்தவர்களையும் கவனிப்பது என் பொறுப்பு."

"குளத்தின் மிக ஆழமான இடம் 1.8 மீட்டர். தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்து முறிந்து நிரந்தரமாகச் செயலிழக்கலாம் அல்லது இறக்கலாம். பாயமாட்டேன்."

"மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை, சில நிமிடத்தில், சத்தமில்லாமல் உயிர் போகலாம். நீந்தத் தெரியாத எந்தக் குழந்தையையும் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் வைத்திருப்பார்."

"வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு நீருக்குள் நீண்ட நேரம் மூச்சடக்கினால், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மயங்கி மூழ்கலாம். மூச்சடக்கும் போட்டி வைக்கமாட்டோம்."

"குளக்கரைத் தளம் ஈரத்தில் வழுக்கும். ஓடமாட்டோம். கண்ணாடிப் பொருள் எதையும் வேலிக்குள் கொண்டுவரமாட்டோம்."

"இடி கேட்டால் உடனே வெளியேறுவோம், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மீண்டும் இறங்குவோம்."

சூடுநீர்த் தொட்டியும் சேர்ந்திருந்தால் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பதையும், கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டே இறங்க வேண்டும் என்பதையும் தனி வரியாகச் சேருங்கள். "இறக்கலாம்" என்ற சொல்லை எழுதக் கூச்சப்பட்டு "அசௌகரியம் ஏற்படலாம்" என்று மென்மையாக்குகிறவர்கள் உண்டு. வாடிக்கையாளர் பயந்துவிடுவாரே என்ற கவலை. பயந்து போகட்டும். அந்தச் சொல் இல்லாத எச்சரிக்கை, மரணம் பற்றிய எச்சரிக்கை ஆகாது.

உடல்நிலை பற்றி விரிவான கேள்வித்தாள் வேண்டாம். அவர்களின் நோய் விவரங்களைச் சேகரித்தால் அவற்றைப் பாதுகாக்கும் கடமையும் உங்கள் தலையில் விழும். தெரிந்தும் அனுமதித்தீர்கள் என்ற கேள்வியும் வரும். "வலிப்பு, திறந்த புண் இருப்பவர்களும், மருத்துவரைக் கேட்காத இதய நோயாளிகளும், கடந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு இருந்தவர்களும் நீரில் இறங்கமாட்டார்கள் என உறுதி கூறுகிறேன்" என்று அவர்களே உறுதி சொல்லும் ஒரு வரி போதும். மதுவுக்கும் அதேபோல் ஒரு வரி: குடித்தவர் இறங்கக் கூடாது.

விடுவிப்பு வரி, உங்கள் ஊர்ச் சட்டம் ஏற்கும் என்றால், கவனக்குறைவு என்ற சொல்லை நேரடியாகச் சொல்ல வேண்டும். "எந்தக் காரணத்தாலும்" என்ற பொதுச் சொல் அதை உள்ளடக்காது என்று பல நீதிமன்றங்கள் கொள்கின்றன. "மேலே சொன்ன ஆபத்துகளால் எனக்கு நேரும் காயத்துக்கோ மரணத்துக்கோ, அது உரிமையாளரின் கவனக்குறைவால் நேர்ந்திருந்தாலும், நானும் என் வாரிசுகளும் நஷ்டஈடு கோரமாட்டோம்" என்று எழுதலாம். அதன் கீழேயே, "சட்டம் அனுமதிக்காத எந்தப் பொறுப்பையும், பெரும் அலட்சியத்தையோ வேண்டுமென்று செய்ததையோ இந்தப் படிவம் விலக்கவில்லை. இதில் ஒரு பகுதி செல்லாது என்றானால் மீதி செல்லும்" என்று சேருங்கள். எல்லாவற்றையும் விலக்குகிறேன் என்று வாயளந்து எழுதிய படிவம் முழுதாக விழக்கூடும். எல்லையைத் தானே ஒப்புக்கொள்ளும் படிவம் நிற்க அதிக வாய்ப்பு. பிரிட்டன் போல விடுவிப்பே செல்லாத இடத்தில் இந்த வரியை முழுதாக எடுத்துவிட்டு, ஆபத்துப் பட்டியலையும் விதிகளையும் மட்டும் வைத்து வாங்குங்கள். தடைசெய்யப்பட்ட வரியை வைத்திருப்பதே நுகர்வோரை ஏமாற்றுவதாகக் கொள்ளப்படலாம்.

ஈட்டுறுதி வரியை முன்பதிவு செய்தவரிடம் மட்டும் வாங்குங்கள். படிவத்தின் கடைசியில், அவசரத்தில் ஆம்புலன்ஸை அழைக்க அனுமதி, வழக்கு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்பது, கையெழுத்து, தேதி, நேரம், பிறந்த தேதி. பிறந்த தேதி கேட்கக் காரணம், 17 வயதுக்காரர் பெரியவர் போலக் கையெழுத்திட்டுப் போவதைத் தடுக்கத்தான்.

கையெழுத்து வாங்கும் முறை

முன்பதிவு உறுதியானதும் படிவத்தின் இணைப்பை அனுப்புங்கள். குறைந்தது 24 மணி நேரம் முன்பாவது அவர்கள் கையில் இருக்கட்டும். பணம் கட்டி, குழந்தைகளைக் காரில் ஏற்றி, வாசலில் வந்து நிற்கிறவருக்குக் கையெழுத்திடுவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி வாங்கியதை நெருக்கடியில் வாங்கியது என்பார்கள். கையெழுத்திட விரும்பாதவருக்கு முழுப் பணமும் திரும்பும் என்பதையும் அதே செய்தியில் சொல்லிவிடுங்கள்.

ஒருவர் எல்லாருக்காகவும் கையெழுத்திட முடியாது. இதுதான் மிகப் பெரிய ஓட்டை. பன்னிரண்டு பேர் வருகிறார்கள், முன்பதிவு செய்தவர் மட்டும் கையெழுத்திடுகிறார், விழுந்து அடிபடுவது அவருடைய நண்பரின் தங்கை. அவர் எதையும் துறக்கவில்லை. அவருக்கு எந்த எச்சரிக்கையும் போய்ச் சேரவில்லை. வருகிற ஒவ்வொரு பெரியவரும் தனித்தனியாக, ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். அத்தையோ பிறந்தநாள் விருந்து நடத்துபவரோ மற்றவர் பிள்ளைக்குக் கையெழுத்திட்டால் அது வெறும் மை. குழந்தைகளின் விருந்து என்றால் அழைப்பிதழோடு படிவ இணைப்பையும் அனுப்பச் சொல்லுங்கள்.

மின்கையொப்பம் இந்தியா, அமெரிக்கா இரண்டிலும் 2000ஆம் ஆண்டிலிருந்தே சட்ட ஏற்பு பெற்றது. ஆனால் எப்படி வாங்குகிறோம் என்பது முக்கியம். முன்கூட்டியே டிக் அடித்த பெட்டி வேண்டாம். கடைசி வரி வரை உருட்டிய பிறகே கையெழுத்துப் பெட்டி திறக்கட்டும். நேரமும் மின்னஞ்சல் முகவரியும் பதிவாகட்டும். கையெழுத்திட்ட பிரதி அவர்களுக்கே உடனே போகட்டும். வாட்ஸாப்பில் "ஓகே" என்று வந்த பதில் படிவம் ஆகாது. படிக்கத் தெரியாதவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் முழுதாகப் படித்துக் காட்டி, படித்தவரும் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும்.

வந்து இறங்கும் நேரத்தில் ஐந்து நிமிடச் சுற்று: ஆழம் மாறும் கோடு, பம்ப் சுவிட்ச், மிதவை வளையம், கழி, அவசர எண்ணும் வீட்டு முகவரியும் எழுதிய பலகை. பதற்றத்தில் முகவரி வாயில் வராது என்பதால் அந்தப் பலகை தேவை. பிறகு தலைகளை எண்ணுங்கள், படிவங்களை எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். தாமதமாக வருபவர்கள்தான் கணக்கைக் கெடுப்பார்கள். கையெழுத்திட்டவருக்கு நிறப் பட்டை கட்டிவிட்டால் யார் புதிது என்று உடனே தெரியும். "நான் நீரில் இறங்கவில்லை, சும்மா உட்காரத்தான் வந்தேன்" என்பவரிடமும் வாங்குங்கள். வழுக்கி விழ நீரில் இறங்க வேண்டியதில்லை.

படிவத்தைப் பொய்யாக்கும் செயல்கள்

விளம்பரத்தில் "குழந்தைகளுக்கு நூறு சதவீதம் பாதுகாப்பானது" என்று எழுதிவிட்டுப் படிவத்தில் உயிர் போகலாம் என்றால், எதிர்த்தரப்பு விளம்பரத்தைத்தான் காட்டும். குளத்தருகே ஒருவரை நாற்காலி போட்டு உட்கார வைத்து, "கவலைப்படாதீங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டால், உயிர்காப்பாளர் இல்லை என்ற வரி கரைந்துவிடும். பார்த்துக்கொள்ளும் கடமையை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். டைவிங் தடை என்று எழுதிவிட்டுப் பாய்வதைப் பார்த்தும் சும்மா இருந்தால், விதி பெயருக்குத்தான் என்று ஆகிவிடும். விதி மீறினால் ஒருமுறை எச்சரிக்கை, இரண்டாம் முறை வெளியேற்றம் என்று வைத்து, அதைக் குறிப்பேட்டில் நேரத்தோடு பதியுங்கள்.

அந்தக் குறிப்பேட்டில் ஒவ்வொரு வாடகைக்கும் முன் குளோரின், பி.எச். அளவு, வடிகால் மூடி, கேட் தாழ், ஆர்சிசிபி சோதனை ஆகியவை ஒரு வரியில் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு உரியதை ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரப்பியது பார்த்தாலே தெரியும். அது இல்லாமலிருப்பதைவிட மோசம்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள். ஆம்புலன்ஸ் வந்து போகும் வரை தாளைப் பற்றிய நினைப்பே வேண்டாம். பிறகு அன்றே குளத்தையும் விழுந்த இடத்தையும் பலகைகளையும் படமெடுங்கள், நீரைச் சோதித்து எழுதுங்கள், பார்த்தவர்களின் பெயரும் எண்ணும் வாங்குங்கள், கேமரா பதிவு தானாக அழியுமுன் நகல் எடுங்கள். உடைந்தது எதுவானாலும் தூக்கி எறியாதீர்கள், உடனே மாற்றிவிடவும் வேண்டாம்; அந்த இடத்தை மூடிவிட்டால் போதும். காப்பீட்டு நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். தாமதமே மறுப்புக்குக் காரணமாகலாம். குடும்பத்தாரிடம் அக்கறையோடு பேசுங்கள். ஆனால் "நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்களே" என்று படிவத்தை அவர்கள் முன் நீட்டுவது, சமாதானமாக முடியக்கூடியதையும் வழக்காக்கிவிடும். படிவம் வழக்கறிஞரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் போக வேண்டியது.

எத்தனை நாள் வைத்திருப்பது

காயம் பட்டவர் வழக்குப் போடக்கூடிய காலம் முழுதும், அதற்கு மேலும் ஓர் ஆண்டு. இங்கிலாந்தில் உடல் காய வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு. ஆனால் குழந்தைக்கு அந்தக் கணக்கு 18 வயதில்தான் தொடங்கும், அதாவது 21 வயது வரை. அதன்படி 5 வயதுக் குழந்தையின் படிவத்தை 16 ஆண்டுக்கு மேல் காக்க வேண்டியிருக்கும். பல நாடுகளில் சிறார்களுக்கு இதேபோன்ற நீட்டிப்பு உண்டு. ஆகவே பெரியவர்களின் படிவங்களையும் சிறார்களின் படிவங்களையும் தொடக்கத்திலிருந்தே தனித்தனிக் கோப்பில், அழிக்க வேண்டிய ஆண்டைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். அந்தந்த நாளில் எந்தப் பதிப்பில் கையெழுத்து வாங்கினீர்கள் என்பது தெரியப் படிவத்தின் அடியில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். சறுக்குமரம் வைத்தாலோ, தளக்கல்லை மாற்றினாலோ, விளக்குப் போட்டாலோ மறுபடி டேப்பை எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி, புதிய பதிப்பு எழுத வேண்டும். அடிக்கடி வரும் பழைய வாடிக்கையாளரிடமும் அதில் புதிதாகவே கையெழுத்து வாங்க வேண்டும்.